உடம்பு மேஸ்திரி

கடைசியாக நீங்கள் யாருடைய இடுப்பை அளந்தீர்கள்? நாடாவால் அல்ல, கண்ணால். வாசலில் வந்து நின்றவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, "என்ன, கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தானே உட்காரவே சொன்னீர்கள்? இருக்கட்டும். உங்களிடம் பிறகு வருகிறேன்.

உடம்பு மேஸ்திரி என்றொரு இனம் உண்டு. தன் உடம்பில் ஒரு செங்கலைக்கூட நகர்த்தாமல், அடுத்தவர் உடம்பில் எந்தச் சுவரை இடிக்கலாம், எந்தத் திண்டைக் கரைக்கலாம் என்று மேற்பார்வை பார்ப்பதே இதன் தொழில். சம்பளம் கிடையாது. விடுமுறையும் கிடையாது. முதலில் வாயைக் கட்டச் சொல்வார். பிறகு நடக்கச் சொல்வார், வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்கச் சொல்வார். எதுவும் பலிக்காவிட்டால், உனக்கு மன உறுதி போதாது என்று தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போவார். கால் எலும்பு முறிந்து வந்தவரிடம் எவராவது மன உறுதியைப் பற்றி விசாரிக்கிறார்களா? எடை கூடியவர் மட்டும் நோயாளி அல்ல, குற்றவாளி. இவருடைய சட்டம் அது.

இந்த இனத்தில் நான் அருகிலிருந்து பார்த்தவர் ஒரு டைல்ஸ் கடைக்காரர். அவருடைய தங்கை அழகு நிலையம் ஒன்றில் முடி வெட்டுகிறவர். நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டிய வேலை. முழங்கால் இரண்டும் முனகத் தொடங்கி, பாதித் தலையை வெட்டியதும் முக்காலியைத் தேடும் நிலை வந்துவிட்டது. சர்க்கரை வேறு. படுத்தால் நெஞ்சுவரை புளித்து எரியும். முதலாளியம்மா அவரை நாற்காலி வேலையான பணப்பெட்டிக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டால் தனக்குப் பாதி உயிர் போய்விடும் என்று தங்கைக்குத் தெரியும். பலவிதப் பத்தியமும் இருந்து பார்த்து அலுத்தபிறகே எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்குத் துணிந்தார்.

துணிந்தவர் தங்கை. தேர்ந்தெடுக்கக் கிளம்பியவர் அண்ணன்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய்போலத் தைப்பது ஸ்லீவ். இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைத்து, சோற்றை வேறு பாதையில் அனுப்புவது பைபாஸ். இதற்குமேல் அண்ணன் தெரிந்துகொள்ளவில்லை, தேவைப்படவும் இல்லை. குளியலறைக்கு மாதிரி காட்டுகிற அதே தோரணையில் பேசினார். பைபாஸ் பழைய மாடலாம், இப்போது யாரும் எடுப்பதில்லையாம். தன் வாடிக்கையாளரின் மச்சினி ஸ்லீவ் செய்து நூலாக இளைத்துவிட்டாராம். சாட்சியாகக் கைபேசியில் இரண்டு படங்கள். முதலாவதில் ஒரு பெண் அழுவதுபோல நிற்கிறார், இரண்டாவதில் துள்ளிக் குதிக்கிறார். இரண்டும் ஒரே ஆளா என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு நின்றாரா? தங்கை வேலைக்குப் போயிருந்த நேரம், அலமாரியிலிருந்த அவருடைய உடுப்புகளை மூட்டை கட்டித் தையற்காரரிடம் கொண்டுபோனார். ஆள் வந்தால்தானே அளவெடுக்கலாம் என்று தையற்காரர் தயங்க, இவர் துள்ளிக் குதிக்கும் படத்தைக் காட்டி, இந்த அளவுக்குப் பிடித்துவிடு என்றார். வெட்டியது போக மிஞ்சியதைத் தையற்காரர் சிரத்தையாகத் தைத்தும் கொடுத்துவிட்டார். ஆசைக்கு ஓர் அளவு உண்டு என்பார்கள். இவர் அதைத் துணியிலேயே எடுத்துவிட்டார்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் தங்கைக்குப் போட்டுக்கொள்ள எதுவும் ஏறவில்லை. ஆணியில் தொங்கிய அழகு நிலையத்துக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். அண்ணனும் கூடவே போனார்.

"வேலையிலிருந்து நேரா வர்றீங்களாம்மா?" என்றார் மருத்துவர்.

"இல்லீங்க டாக்டர். என் துணிக்கெல்லாம் ஏற்கெனவே ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நான்தான் பாக்கி."

விஷயம் தெரிந்து மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இவ்வளவு நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும், சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தால் பைபாஸே பொருந்தும் என்றார். ஆனால் எதைச் செய்தாலும் படத்திலுள்ள பெண்ணாக மாற முடியாது. எடை நன்றாகக் குறையும், ஒரு கட்டத்தில் நிற்கும், கொஞ்சம் திரும்பியும் வரலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. தோல் தொங்கும்.

"தோல் தொங்குமா?" என்று அண்ணன் பாய்ந்தார். "அப்புறம் எதுக்கு டாக்டர் இவ்வளவு பாடு? பார்க்க லட்சணமா இருக்கணும்ல?"

தங்கை அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான் எதுக்கு இங்க வந்திருக்கேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? நின்னு ஒரு முழுத் தலையை வெட்டணும். அவ்வளவுதான். நீங்க போய் வெளிய உக்காருங்க."

அண்ணன் வெளியே வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு பருத்த பஸ் ஓட்டுநர். உள்ளே கதவு சாத்தப்படுவதற்குள் இவர் கைபேசியை எடுத்துவிட்டார்: "சார், நீங்க ஸ்லீவா, பைபாஸா?"

ஓராண்டுக்குமேல் ஆகிவிட்டது. பைபாஸ் செய்துகொண்ட தங்கை இன்றும் ஒல்லியில்லை. தையற்காரர் பிடித்த உடுப்பில் ஒன்றுகூட ஏறவில்லை. ஆனால் எரிச்சல் அடங்கிவிட்டது, சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது, முக்காலி மூலைக்குப் போய்விட்டது. அந்த உடுப்புகளை அவர் வீணாக்கவில்லை. பிரித்து ஒட்டுப்போட்டு, வாடிக்கையாளர் கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணிகளாகத் தைத்துவிட்டார்.

போன வாரம் அண்ணன் முடி வெட்டிக்கொள்ள வந்தார். அப்படி ஒரு துணிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, கண்ணாடியில் தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "இன்னும் ஒரு சுத்து குறைஞ்சிருக்கலாம்" என்றார்.

"தலையை நேரா வைங்கண்ணே," என்றார் தங்கை, நின்றபடியே. "காது போயிரும்."

சிரித்தீர்கள். நல்லது. ஆனால் அந்தப் படத்திலுள்ள பெண் இப்போது எப்படி இருக்கிறாளோ என்று நடுவில் ஒரு முறை நினைத்தீர்கள், இல்லையா? அங்கேதான் மேஸ்திரி வேலை தொடங்குகிறது. ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை யாராவது இப்படியொரு சிகிச்சைக்குப் போகிறேன் என்றால், எது நல்லது, எவ்வளவு குறையும் என்று வாயெடுக்காதீர்கள். துணைக்கு வரட்டுமா என்று மட்டும் கேளுங்கள். வரச்சொன்னால் போங்கள், கூப்பிடும்வரை வெளியே உட்காருங்கள். தயவுசெய்து, பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பாதீர்கள்.