பேய் நிறுக்கும் தராசு

நாவலப்பிட்டியில் பேய்க்கு எடை பார்க்கிறார்கள் என்ற செய்தி கண்டிக்கு வந்து சேர பஸ் தேவைப்படவில்லை. வட்ஸ்அப்பே போதுமாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு மாடி. மாடியில் சனம், படியில் சனம், படி முடிந்தும் சனம். கீழே பிளேன்டீ விற்றவனுக்குச் சிரித்துச் சிரித்தே வாய் வலித்தது. மேலே பெரிய போர்டு: ‘குழந்தைகள் பேய் நிபுணர் ஸ்ரீ தராசுச்சாமி. கடிக்கும் குழந்தை, முட்டும் குழந்தை, பேசாத குழந்தை, தூங்காத குழந்தை. புதன்கிழமை மட்டும்.’ மற்ற நாட்களில் பேய்களுக்கு வேறு வேலை போலும்.

நிபுணரின் முறை முழுக்க முழுக்க விஞ்ஞானம். கூரையிலிருந்து ஒரு தராசு தொங்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பார்களே, வட்ட முகமும் ஒற்றை முள்ளும் உள்ள அதே தராசு. அதன் கொக்கியில் வெள்ளைச் சேலையால் ஒரு தொட்டில். சேலையின் முந்தானை தரையைத் தொடும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுச் சாமி மணியை ஆட்டுவார். மணி ஒலிக்க ஒலிக்க முள் ஏறி நிற்கும். அது பிள்ளையும் பேயும் சேர்ந்த பாரம். பிறகு வேப்பிலை, விபூதி, நாலு அதட்டல். மணியைக் கீழே வைப்பார். முள் இறங்கும். இறங்கிய பாரம்தான் ஓடிப்போன பேய்.

“ரெண்டு கிலோ. நல்லா வளந்த பேய்” என்பார். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இந்தச் சனம் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அரைக் கிலோ குறைத்தாலும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள். ஈரத்துக்கு என்று கழித்தால் ஏன் என்பார்கள், சாக்குக்கு என்று கழித்தால் எவ்வளவு என்பார்கள். அதே தராசு, அதே முள், இங்கே இறங்கியபோது மட்டும் ஒருவருக்கும் கேள்வி வரவில்லை. காலமெல்லாம் தங்களிடமிருந்து கழித்த தராசு இப்போது பேயிடமிருந்து கழிக்கிறதே என்ற சந்தோசம்.

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் இருக்கும் சுதர்சினிக்கும் திலீபனுக்கும் ஒரே பிள்ளை யுகேஷ். நாலு வயது. கடிப்பான். சுவரில் தலையை முட்டுவான். தூங்கமாட்டான். ஒரு வார்த்தை பேச்சு வரவில்லை. ‘கொஞ்சம் வளர்ந்த பிறகு கூட்டி வாங்க’ என்று முன்பள்ளிக்காரர்கள் மிகுந்த அன்போடு கதவைச் சாத்தினார்கள். சுதர்சினியின் கை முழுக்கப் பல் தடம். அந்த வலிக்கு அவள் அழுததில்லை. பிள்ளை ஏன் கடிக்கிறான் என்று தெரியாமல்தான் அழுதாள்.

அழுகிற வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது யோசனைதானே. அவளுடைய அண்ணன் முத்துலிங்கம் தன்னுடைய த்ரீவீலரில் பிள்ளையை இரண்டு தடவை தராசுச்சாமியிடம் கொண்டுபோனார். ரயிலில் அடிபட்ட பேயாம், அதனால்தான் முட்டுகிறானாம். நிறைய இறங்கிவிட்டது, மிச்சம் கொஞ்சம் இருக்கிறது என்று மூன்றாம் தடவைக்குச் சாமி வரச் சொல்லியிருந்தார். சாமிக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைக்கு வீட்டிலேயே அவர் போத்தலில் தரும் தீர்த்தம் கொடுத்துத் தூங்கவைத்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவரவேண்டும். துணியை விலக்கினால் விலக்கியவர் மேல் பேய் தாவும்.

இரண்டாம் தடவைத் தீர்த்தத்துக்குப் பிறகு யுகேஷ் மறுநாள் மத்தியானம் வரை எழும்பவில்லை. உலுக்கியும் கண் திறக்கவில்லை. பயந்துபோன சுதர்சினி போத்தலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மின்ஹாவிடம் ஓடினாள். மின்ஹா பாமசியில் வேலை செய்கிறவள். மோந்து பார்த்தாள், நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள்.

“இது தீர்த்தமில்ல அக்கா. தடிமல் சளிக்குக் குடுக்கிற பாணி மருந்துதான் கலந்து ஈக்கி. அதான் தூக்கம். அளவில்லாமக் குடுத்தா சின்னப் புள்ளைக்கு மூச்சே நின்டு போகும்.”

இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர் கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னவளும் மின்ஹாதான். கிளினிக்கில் நாளும் கிடைத்தது. அது சரியாகச் சாமியின் மூன்றாவது புதன்கிழமையிலேயே வந்து விழுந்தது.

“கிளினிக்க அப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி” என்றார் முத்துலிங்கம். “அங்க சிங்களத்துல கேப்பாங்க. நமக்கு என்னத்த வெளங்கும்? சாமி தமிழ்ல பேசுறாரு.”

“பேயும் தமிழ்தானாண்ணே?”

“பின்ன?”

இந்த ஒரு விசயத்தில் மனுசனைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மொழி விளங்காதோ என்ற பயம் நியாயமான பயம். பயந்து ஓடிய திசைதான் தப்பு.

அவர் போன பிறகு சுதர்சினி புருசனிடம் சொன்னாள்: “நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டு கிளினிக்குக்குப் போங்க. இந்த நாள விட்டா அடுத்தது எப்பக் கெடைக்குமோ. நான் அண்ணனோட சாமிகிட்டப் போறேன்.”

“புள்ள இல்லாம அங்க எதுக்கு?”

“பேயப் பாக்கத்தான்.”

புதன்கிழமை காலையில், முத்துலிங்கம் வருமுன்பே, திலீபனும் யுகேஷும் கண்டி பஸ்ஸில் ஏறினார்கள். சுதர்சினி பிரிக்காத பத்துக் கிலோ கோதுமை மாவுப் பையை எடுத்தாள். தலைக்கு ஒரு தேங்காய், காலுக்கு இரண்டு தேங்காய். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே த்ரீவீலரில் ஏறினாள்.

முத்துலிங்கம் பள்ளம் வந்த இடமெல்லாம் மெதுவாக ஓட்டினார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். “பாத்தியா, ஒரு ஒதை இல்ல, ஒரு கடி இல்ல. பேய் பாதி செத்துருச்சு.”

“ஆமாண்ணே. நம்ம புள்ளையாவே தெரியல.”

மாடியில் சாமி மூட்டையை வாங்கித் தொட்டிலில் போட்டார். தேங்காயின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். “மண்டைச் சூடு எறங்கிருச்சும்மா.” மணி ஒலித்தது. முள் எழும்பியது. தேங்காய்க்கு விபூதி பூசப்பட்டது, மாவு வேப்பிலையால் அடி வாங்கியது. ‘போறியா இல்லியா’ என்று மாவை மூன்று தடவை கேட்டார். மணியைக் கீழே வைத்தார். முள் இறங்கியது.

“ஒன்றரைக் கிலோ. ரயில் பேய் மொத்தமாப் போயிருச்சு. இனிமே புள்ள தங்கம்.”

சனம் கும்பிட்டது. முத்துலிங்கத்துக்குக் கண் கலங்கியது. சுதர்சினி எழுந்துபோய்த் துணியை விலக்கினாள். பேய் தாவுமே என்று முன்வரிசை முழுவதும் பின்வரிசையின் மடியில் போய் விழுந்தது. தாவியது ஒரு தேங்காய்தான். அது உருண்டு முத்துலிங்கத்தின் காலடியில் நின்றது.

“தங்கச்சி” என்றார் அவர் மெல்ல. “புள்ள எங்க?”

“கிளினிக்குல இருக்கான்ணே. இது மாவு.”

முன்வரிசை எழுந்து வந்து மாவுப் பையை எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ கேட்டார்கள்: “மாவு எப்ப ரயில்ல அடிபட்டுச்சு?”

சாமி சாமான்யப்பட்டவர் அல்ல. “புள்ளையோட பேய் மாவுக்குள்ள வந்துருச்சு. நான் அதத்தான் எறக்கினேன்” என்றார். நாலைந்து பேர் தலையாட்டவும் செய்தார்கள். நம்புவதென்று முடிவெடுத்துவிட்டால் தலை தானாகவே ஆடும்.

“சரி சாமி. பேய்தான் போயிருச்சே. மாவ மட்டும் இன்னொருக்கா நிறுங்க. பையில பத்துக் கிலோன்னு அடிச்சிருக்கு” என்று மிச்சத் தேங்காய் இரண்டையும் எடுத்துவிட்டாள் சுதர்சினி.

சாமி மணியை எடுத்து மடியில் ஒளித்தார். கை நடுங்கியது. மடிக்குள் மணி கிணுகிணுத்தது. பத்தில் நின்ற முள் பதினொன்றரைக்குத் துள்ளியது. அவர் மணியை இறுக்கிப் பிடித்தார், முள் இறங்கியது. கை மறுபடி நடுங்கியது, முள் மறுபடி ஏறியது.

கூட்டத்திலிருந்து நல்லம்மா என்ற பெண் எழுந்து வந்து மணியைப் பிடுங்கினாள். அவள் மடியிலும் சுற்றிய பிள்ளை ஒன்று இருந்தது, அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். மணியை ஆட்டினாள். முள் ஏறியது. நிறுத்தினாள். இறங்கியது.

“அட, மணியடிச்சா வருது” என்றாள். “எங்க, நீ அடி பாப்போம்.”

அதன்பிறகு மாடி மாடியாக இல்லை. ஆளுக்கு ஒரு தடவை மணியை வாங்கி அடித்தார்கள். அடித்தவர்களெல்லாம் பேயை வரவழைத்தார்கள், வைத்தவர்களெல்லாம் விரட்டினார்கள். அரைமணி நேரத்தில் அந்த மாடியில் அத்தனை பேரும் நிபுணர்கள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. கடைசியில் கொழுந்து மடுவத்துக் குணம் திரும்பிவந்து, பெண்கள் நாலு பேர் தொட்டில் சேலையின் முந்தானையைத் தூக்கிப் பார்த்தார்கள். தொட்டிலின் அடியிலிருந்து மீன் பிடிக்கிற தங்கூசி நூல் ஒன்று பாயின் கீழே ஓடி, மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் போனது. திரையை இழுத்தார்கள். அங்கே சாமியின் சிஷ்யர் மணிக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, வாயில் பாதி கடித்த மீன் பணிசும் கால் பெருவிரலில் தங்கூசியுமாகக் கடமையில் இருந்தார்.

“இன்னும் எத்தன பேர் சாமி?” என்று கேட்டார். “கால் மரத்துப் போச்சு.”

சாமி பின்படியால் இறங்கிய வேகத்தைப் பார்த்திருந்தால் ரயில் பேயே வெட்கப்பட்டிருக்கும்.

சுதர்சினி படியிறங்கும்போது போன் அடித்தது. திலீபன்.

“டாக்டரம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ் ஒருத்தங்க கூடவே இருந்தாங்க. மொதல்ல காது கேக்குதான்னு பாக்கணுமாம். பொறகு பேச்சுப் பழக்குறவங்ககிட்ட அனுப்புறாங்க. ஒரு நாள்ல மாறாது, விடாம வரணும்னாங்க.”

“கடிச்சானா?”

“டாக்டரையே கடிச்சான். அவங்க கோவிக்கல. வாயால சொல்ல வராததப் பல்லால சொல்றானாம்.”

சுதர்சினி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏன் கடிக்கிறான் என்று இத்தனை காலத்தில் ஒருவராவது சொன்னது அன்றைக்குத்தான். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. முத்துலிங்கம் கையில் தேங்காயோடு பக்கத்தில் நின்றார். நல்லம்மா தன் பிள்ளையின் துணியை அவிழ்த்து முகத்தைக் காற்றுப்பட வைத்துக்கொண்டு வந்தாள். “அந்தக் கிளினிக்குக்கு எப்புடித் தங்கச்சி போறது?” என்று கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் இறங்கி வந்த இன்னொருவர் கேட்டது வேறு. “இவரு கள்ளன்தான். நெசமான சாமி எங்கயாச்சும் இருக்காரா?”

மாவு மூட்டைக்குப் பேய் பிடிக்காது என்று ஒரு மணியடியில் புரிந்துகொண்ட சனமே, பிள்ளைக்கும் பிடிக்காது என்று புரிய உங்களுக்கு இன்னும் எத்தனை மூட்டை வேண்டும்?