டேபிள் மாமாவின் மச்சம்

கன்னத்து மச்சம் பக்கம் மாறினால் ஆளும் மாறிவிடுவாரா? இயற்பியலில் பட்டம் வாங்கிய எனக்கு இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

என் மகள் யாழினிக்கு ஐந்து வயது. அவள் அப்பாவுக்கு சார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. வைகாசி கருட சேவைக்கு வந்து, போன வருடம் போலவே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அதை அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். லீவு கிடைக்குமா என்று எனக்குப் பயம். (எனக்கு எதற்குத்தான் பயம் இல்லை? இட்லி உப்பவில்லை என்றாலும் கூகுளில் தேடுவேன்.)

பிள்ளையிடம் செல்போன் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கோடை விடுமுறையை எப்படி ஓட்டுவது என்று தவித்தேன். அப்போதுதான், போனிலிருக்கும் விளையாட்டுப் பலகையை வெளிச்சமாக மேஜைமேல் விழவைப்பது எப்படி என்று காட்டும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது போன் பார்த்த கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

என் கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டி. பட்டுச் சேலை ஜரிகையில் பழுது இருக்கிறதா என்று பார்க்க மாமனார் வைத்திருக்கும் பெரிய லென்ஸ். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு லென்ஸை ஒட்டினேன். உள்ளே போனைக் கவிழ்த்து, பெட்டியை ஊஞ்சல் கொக்கியில் தொங்கவிட்டேன். கீழே மேஜையில் வெள்ளை வேட்டி. ஜன்னல்களை அடைத்துவிட்டுப் பார்த்தால், பரமபத எண்களெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்தன. லென்ஸ் அப்படித்தான் செய்யும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். போனிலேயே படத்தைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தேன். ஃபேன் ஓடினால் பெட்டி ஆடி, பாம்பும் ஏணியும் இடம்மாறின. அதையும் நிறுத்தினோம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர், என் நாத்தனார் கலா, யாழினி, எல்லோரும் சித்திரைப் புழுக்கத்தில் வேர்க்க வேர்க்க விளையாடினார்கள். யாழினி சத்தமாகச் சிரித்தாள். நான் பெருமையாக நின்றிருந்தபோது மேஜைமேல் பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள் விழுந்தன. வீடியோ கால், யாழினியின் அப்பாதான். அவர் வேலை நேரத்தில் கூப்பிட மாட்டார். லீவு விஷயமாகத்தான் இருக்கும். அப்புறம் தனியாகப் பேசலாம் என்று, மேஜையைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு, சிவப்பு இருந்த பக்கம் தொட்டேன். மேஜையில்தான் சிவப்பு அந்தப் பக்கம். பெட்டிக்குள் அங்கே இருந்தது பச்சை.

மேஜை முழுக்க அவர் முகம். மூக்கின்மேல் யாழினியின் சிவப்புக் காய்.

"இன்னா, ஒரே இருட்டா இருக்குது? கரண்ட் இல்லியாமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "லீவு இல்லன்னுட்டாங்கமா. கருட சேவைக்கு வர முடியாது. பாப்பாகிட்ட இப்ப சொல்லாத, அழுதுக்கினே இருக்கும்."

யாழினி குனிந்து அந்தக் கன்னத்தைத் தொட்டாள். முகம் அவள் விரல்மேல் ஏறியது.

"அத்த, எங்கப்பாக்கு மச்சம் இந்தப் பக்கம். இவருக்கு அந்தப் பக்கம் இருக்குது. இவரு வேற யாரோ."

பரமபதத்தைத் திருப்பிப் போட்ட எனக்கு, வீட்டுக்காரரையும் திருப்ப வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை.

கலா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாண்டி கண்ணு, இவரு டேபிள் மாமா" என்றாள். நான் திருத்தவில்லை.

கருட சேவையன்று இருட்டு பிரியுமுன் யாழினி பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என் உயரத்துக்குப் பெருமாளின் குடை மட்டும்தான் தெரிந்தது. அவள் அழவில்லை. "டேபிள் மாமாதாம்மா அப்பாவ விடல" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் வாக்குத் தவறினாலும், டேபிள் மாமா வந்துவிட்டார் என்பார்கள். வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, போனைக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு அவருக்கு லீவு கிடைத்திருக்கிறது. அவர் போனில் அதைச் சொன்னதும் யாழினி முதலில் மச்சத்தைத்தான் பார்த்தாள். சரியான பக்கத்தில் இருந்தது, நம்பிவிட்டாள். என் பயம் இப்போது வேறு. வந்த மறுநாள் காலை அவர் நிலைக்கண்ணாடி முன் நின்று ஷேவ் செய்வார். இவள் பக்கத்தில் நிற்பாள். கண்ணாடிக்குள் டேபிள் மாமா நின்றிருப்பார். அதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாமா, இல்லை கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.