பீர்க்காரி வாசித்த வேதம்

ஓக்லி கிராமம், சஃபக்
1543 அக்டோபர்

மரியாதைக்குரிய மைத்துனர் ரேஃப் அவர்களுக்கு, ஓக்லி கோயில் நிர்வாகி ஆம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் சுகம், ஆடுகளும் சுகம். நீதிபதியிடம் எழுத்தராக இருக்கும் தாங்கள் சுகமாயிருந்து, என்னைச் சிறைக்கு அனுப்பாதிருக்க வேண்டுகிறேன்.

எல்லாரும் வாசிக்கட்டும் என்று அரசர் சொல்லித்தானே ஆங்கில வேதப் புத்தகத்தைக் கோயிலில், யாரும் தூக்கிப் போகாதபடி சங்கிலி போட்டு வைத்தோம், இப்போது பெண்களும் கூலியாட்களும் அதை வாசிக்கக் கூடாதென்று புதுச் சட்டமாம், எங்கள் பாதிரியார் வாசித்தால் ஊரே தூங்கும், பீர் காய்ச்சி விற்கிற சிசிலி வாசித்தால் நாய்கூட நிமிர்ந்து உட்காரும், அவளை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கோயிலுக்குப் போனேன். வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் பன்றிக்குத் தவிடு வைக்கிற பையன் கதையை வாசிச்சிட்டிருந்தா. நான் "நிறுத்தும்மா!"ன்னு கத்தினேன். பன்றி மேய்க்கிற ஹாப் கிழவர், அவர் மகனும் சண்டை போட்டு லண்டனுக்குப் போனவன்தானே, பாய்ஞ்சு வந்து என் சட்டையைப் பிடிச்சுட்டார்.

"யோவ், அந்தப் பய வீடு வந்து சேரட்டும், அப்புறம் நிறுத்து!"

"சட்டம்யா, பெரியவரே!"

"அப்பன் சேர்த்துக்கிட்டானா இல்லையா? அதைச் சொல்லச் சொல்லு!"

சிசிலி என்னைப் பார்த்தா. நான் என்ன செய்ய, "சொல்லித் தொலை"ன்னேன். திரும்பி வர்ற மகனை அப்பன் தூரத்துலயே பார்த்துட்டு ஓடிவந்து கட்டிக்கிட்டான்னு அவ வாசிச்சதும், கிழவர் என் சட்டையை விடாமலே என் தோளில் சாய்ஞ்சு அழுதார் மைத்துனரே, "அறுபது வருஷமா இங்கதானேய்யா உட்கார்ந்திருக்கேன், இதை ஒருத்தனும் எனக்குச் சொல்லலையே"ன்னு. இத்தனை நாள் நமக்குப் புரியாத லத்தீனில் கேட்டப்போ கடவுள் எங்கயோ மேலே இருந்தார். நாம மாட்டை அதட்டுற இதே பேச்சுல அவர் பேசுவார்னு யார் கண்டது? தொப்பியைக் கழற்றிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் ஹாப் லண்டன் ரோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டார், பன்றிகள் என் தலையில். நான் கடமை தவறவில்லை. சிசிலியைக் கண்டித்தேன், புத்தகத்தைப் பூட்டிவிட்டேன். இனி ஓக்லியில் எந்தப் பெண்ணும் வாசிக்க மாட்டாள் என்று நீதிபதியிடம் உறுதி சொல்லவும். உங்கள் வீட்டார் அனைவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல செவியும் அருள்வாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: வரும்போது ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வாருங்கள். சிசிலிக்குத்தான். புத்தகத்தைப் பூட்டி வைத்திருப்பது என் கொட்டகையில், அங்கே வெளிச்சம் போதவில்லை என்கிறாள்.