எருமைக்கு எட்டு, சித்தருக்கு நாலு

மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் கரும்பு வண்டிகள் நகர முடியவில்லை. குருதிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். ஊசி வேண்டாம், பஞ்சு வேண்டாம். கட்டைவிரலை முகர்ந்தே ரத்த வகையைச் சொல்லிவிடுவார். மூக்குக்குள்ளேயே ஆய்வுக்கூடம்!

"ஓ பாசிட்டிவ்!" என்பார். ரத்ததான முகாமில் கொடுத்த அட்டையிலும் அதுவே இருந்தால் "சாமீ!" என்று கூட்டம் அதிரும். இல்லாவிட்டால்? சாமி வாக்கு தப்பாகுமா? "உன் ரத்தம் தடம் புரண்டுபோச்சு. பரிகாரம் பண்ணு." பலித்தால் புகழ், பலிக்காவிட்டால் வரும்படி.

இருசப்பனின் அட்டையில் பி பாசிட்டிவ். பரிகாரம், அவனுடைய ஒரே கறவை எருமை. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். உடம்புக்குள் ரத்தம் புரளுகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டது. பின்னாலேயே மனைவி பச்சையம்மாள்.

"ரத்தம் எப்படிப் புரண்டா இன்னாய்யா? வூட்ல பாலு ஒழுங்கா வந்துகினுதான இருக்குது?"

"கம்முனு இரு. செத்துகித்துப் பூட்டன்னா?"

"செத்தாலும் எருமய வுட்டுட்டு சாவு."

முகாமில் ரத்தம் சோதிக்கும் தங்கமணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் நூறு பேர்ல நாப்பது பேருக்குக் கிட்ட ஓ பாசிட்டிவ்தான். எல்லாருக்கும் அதையே சொன்னா அவ்ளோ பேருக்குப் பலிக்கும். உங்க எருமகூட சொல்லும்ணே."

"சொல்லட்டுமே!" என்று உறுமினார் சித்தர். அங்கேதான் மாட்டினார்.

'ஓ பாசிட்டிவ்' என்று எழுதிய சிலேட்டு எருமையின் கழுத்தில் ஏறியது. அன்று ரத்தம் கொடுத்த இருபது பேர் அட்டையை மடியில் மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரே பாட்டைப் பாடினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! சித்தர் மாற்றி மாற்றி அவிழ்த்துவிட்டார். ஏ, பி, ஏபி, நடுவில் ஒன்றிரண்டு நெகட்டிவ். எருமை கொள்கை மாறவில்லை.

அட்டைகளை எடுத்தார்கள். எருமைக்கு எட்டு. சித்தருக்கு நாலு.

இருசப்பன் வாயைப் பிளந்தான். "எரும தப்பா சொன்னவனெல்லாம் கல்லு மாதிரி நிக்கிறானே! அப்போ எனக்கும் ஒண்ணுமில்லியா?"

"உனுக்கு மண்டதான் புரண்டுகினு இருந்துது" என்ற பச்சையம்மாள் திரும்பினாள். "சாமி, உங்க ரத்தம் எந்தப் பக்கமுங்க?"

சாமி கரும்பு வண்டிகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

இருசப்பன் கயிற்றை இழுத்தான். எருமை நகர வழியில்லை. எதிரே புது வரிசை! ஒருவன் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தான். இன்னொருவன் அதன் மூக்கருகே கட்டைவிரலை நீட்டினான்.

"தள்ளிப் போங்கய்யா! இது பாலுதான் குடுக்கும், பலன் சொல்லாது!" என்று கத்தினான் இருசப்பன்.

எருமை நின்றபடி அசைபோட்டது. தின்ற வைக்கோலையே அது இன்னொரு முறை மென்று பார்க்கிறது. கேட்டதை அப்படியே விழுங்கும் பெருமக்களே, உங்களுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?