சேணத்தில் இருந்த பெயர்

“அப்படி யாரும் இல்லை” என்று கணினி மூன்றாவது முறையும் சொல்லிவிட்டது.

பதிவாளர் புரேவின் மேசையில் ஒரு குதிரைச் சேணம் கிடந்தது. அதன் முன்பலகையில் மேலிருந்து கீழாகப் பழைய மங்கோலிய எழுத்தில் செதுக்கியிருந்ததுதான் இறந்தவரின் பெயர். சேணத்தைத் தூக்கி வந்த சம்பூ, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

இறந்தவர் அவன் வீட்டு மந்தையை மேய்த்தவர். பனிப்புயலில் சிதறிய ஆடுகளை ஒன்று விடாமல் ஓட்டி வந்து சேர்த்துவிட்டு, கதவருகில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாளை சூரியன் எழுமுன் அடக்கம் என்று லாமா நாள் குறித்திருந்தார். தவறினால் பதினொரு நாள் காத்திருக்க வேண்டும். இறப்புச் சான்று இல்லாமல் இடுகாட்டில் இடம் கிடையாது. அடையாள அட்டை எங்கே என்றதற்கு, அவர் மடியில் இருக்கும், உடலைச் சுற்றிக் கட்டியாயிற்று, இனி அவிழ்க்கக் கூடாது என்றான் சம்பூ.

அந்த எழுத்து புரேவின் உயிரை வாங்கியது. முதல் எழுத்து கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு. ஒலிக்கு ஒன்றாகக் கணினியிலும் அதற்கு இரண்டு குறியெண். அடுத்ததில் ‘ஓ’வுக்கும் ‘ஊ’வுக்கும் ஒரே வளைவு. வாயால் சொன்னால் ஒரு நொடி வேலை.

“ஒரு தடவை சொல்லுப்பா.”

“செத்தவங்க பேரைச் சொல்லலாமாங்கய்யா?”

புரேவ் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான். ஆனாலும் மங்கோலியன்தானே, வற்புறுத்தவில்லை. நான்காவது விதமாகத் தட்டினார். ஆள் கிடைத்தார், வயதும் ஏறக்குறைய சரி. சான்றில் பழைய எழுத்தில் விழுந்த பெயரும் சேணத்தில் இருந்ததும் அச்சு அசல் ஒன்று. சம்பூ இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு புறப்படும்போது, ஊர் மாட்டு வைத்தியர் கைபேசியும் கையுமாக உள்ளே வந்தார்.

“பெரியாஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் சேதி வந்துச்சு, என் ஆபரேஷனை ரத்து பண்ணிட்டாங்க. நான் செத்துட்டேனாம். நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே?”

புரேவ் கணினிப் பக்கம் திரும்பினார். வைத்தியரைப் பிழைக்க வைக்கப் பார்த்தார். இறந்தவர் விண்ணப்பிக்க முடியாது என்றது கணினி. சரி, மேய்ப்பரையாவது புதிதாகப் பதிவோம் என்று பதிந்தார். கணினி அவரை இன்று பிறந்த குழந்தையாக எடுத்துக்கொண்டு, தடுப்பூசிக்குத் தேதி கொடுத்தது. இப்போது உயிரோடிருப்பவர் செத்தாயிற்று, செத்தவர் பிறந்தாயிற்று. வைத்தியர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

சான்றைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட புரேவ் கெஞ்ச ஆரம்பித்தார். காதில் சொல் என்றார். சுவரைப் பார்த்துச் சொல் என்றார். பாவம் என்னோடு போகட்டும், மந்திரம் ஓத நானே ஆள் அழைக்கிறேன் என்றார். சம்பூ தலையைத் தூக்கவே இல்லை.

“சாமிக்குப் பயப்படுறதெல்லாம் சரி. அந்த மனுஷன் வெளியில கிடக்கிறாரேப்பா.”

அதுவரை வாசலில் நின்றிருந்த சம்பூவின் மனைவி செவெல் உள்ளே வந்து, மேசையிலிருந்த சேணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பயமெல்லாம் இல்லைங்கய்யா. முப்பத்தோரு வருஷம் ‘அண்ணே, அண்ணே’ன்னே வேலை வாங்கிட்டோம், அவரு பேரு என்னன்னு ஒருநாளும் கேக்கலை.”