மாலையும் திமிங்கிலமும்

மாலையோடு பஸ்ஸில் போகிறவர்கள் கதைப் புத்தகம் படிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன், அதுவும் என் கொழுந்தனாரின் நிச்சயதார்த்தத்தன்று.

பெண் வீடு அக்காள்மடத்தில். எல்லோரும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். சொல்லிவைத்த மாலைகள் கட்டி முடியாததால், ராமநாதபுரத்திலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவது என் பொறுப்பு. வேன் கிளம்பும்போது என் எட்டு வயது மகள் ஒரு புத்தகத்தை என் பையில் திணித்தாள். "பத்திரம்மா, பாதிதான் படிச்சிருக்கேன்."

பறக்கும் திமிங்கிலத்தின் மேல் ஏறி, காணாமல் போன நிலாவைத் தேடப் போகும் ஒரு சிறுமியின் கதை. (சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே, படம் மட்டும் பார்ப்போம் என்றுதான் பிரித்தேன்.) உச்சிப்புளி தாண்டும்போது நானும் திமிங்கிலத்தின் முதுகில் இருந்தேன். பாம்பன் பாலத்தில், கண் தெரியாத அந்தக் கிழட்டுத் திமிங்கிலம் சிறுமியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "உங்கள் வீட்டு விளக்கு எப்படி இருக்கும், சொல்லேன்" என்று கேட்டுக் கண்ணை மூடியது. நான் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தேன்.

மடியில் மாலைகள், முகமெல்லாம் கண்ணீர். பக்கத்து சீட்டு அக்கா என் கையைப் பிடித்தார்.

"யாருத்தா? ரொம்ப வேண்டியவுகளா?"

"வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருச்சுக்கா..." மாலைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சேதி கண்டக்டருக்குப் போய், டிரைவருக்கும் போய், ஸ்டாப்பைத் தாண்டி, சாமியானா போட்டிருந்த பெண் வீட்டு வாசலிலேயே பஸ் நின்றது. அந்த அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். சாமியானாவைக் கண்டதும் அவருக்கும் துக்கம் பொங்கிவிட்டது. ஒப்பாரியே வைத்துவிட்டார்.

உள்ளே தட்டு மாற்றத் தயாராக இருந்தவர்கள் உறைந்துபோனார்கள். "நல்ல காரியம் நடக்கையில இப்படியா? சகுனஞ் சரியில்லையே," என்றார் பெண்ணின் பெரியப்பா.

என் மாமனார் (அவர் முன்னால் நான் சத்தமாகச் சிரித்ததுகூட இல்லை) ஓடிவந்தார். "யாருத்தா செத்தது?"

"திமிங்கிலம், மாமா."

அக்காவின் ஒப்பாரி பாதியில் நின்றது. மாலையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மாமனார் புத்தகத்தை வாங்கினார். "பிள்ளைக கதைதான் சம்பந்தி, ஒண்ணுமில்ல. நீங்களே கேளுங்க" என்று, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். விளக்கைப் பற்றிக் கேட்கும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீக? மேல படிங்க," என்றார் பெரியப்பா, மெல்ல.

"வேணாம் தாத்தா! நான் இன்னும் அங்கன வரல!" காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள் என் மகள்.

கதவுக்குப் பின்னால் நின்ற கல்யாணப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்துவிட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் அவசர அவசரமாகத் தட்டு மாற்றினார்கள்.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆயிற்று. அந்தக் கல்யாணப் பெண்ணின் மகனுக்கு ஸ்கூலில் ஒரு பெயர். வீட்டில் அவன் பெயர் திமிங்கிலம். ஏன் என்று அவன் கேட்டால் யாரும் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தை இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். அந்தப் பக்கத்துக்கு வரும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது மாமனார் உத்தரவு. தினமும் சாயங்காலம் அவரே போய் விசாரிக்கிறார்.

"எதுவரைக்கும்லே வந்திருக்க?"

"இன்னும் நிலாவே கெடைக்கல தாத்தா."

"மெதுவாப் படிலே. ஒண்ணும் அவசரமில்ல."