பவுடர் பாயின் வெள்ளை ஜிப்பா

தண்டையார்பேட்டையில் அந்த நாளில் கல்யாணப் பெண்களைவிடக் கார் இஞ்சின்கள்தான் அதிகமாகப் பவுடர் பூசிக்கொண்டன. பூசிவிட்டவர் மெக்கானிக் பவுடர் பாய். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்போது என்னிடம் ஒரு பழைய ரேஸ் கார் இருந்தது. சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் திடலில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டுவேன். கார் ஓடும், கூடவே ஆயிலும் ஒழுகும். ஒரு தடவை பாதை முழுக்க எண்ணெய்க் கோலம் போட்டுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் வழுக்கிக்கொண்டு புல்லில் போய் நின்றார்கள். இனி ஒரு சொட்டு விழுந்தாலும் இந்தக் கார் திடலுக்குள் வரக்கூடாது என்று பந்தய அதிகாரி சொல்லிவிட்டார். எனக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. சோறு இறங்கவில்லை.

பார்த்த மெக்கானிக் எல்லாரும், ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போச்சு என்றார்கள். மாற்றினார்கள். புது சீலும் பழசு மாதிரியே ஒழுகியது. கடைசியில் பாயிடம் கொண்டுபோனேன்.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, குழந்தையைத் துவட்டுவது போலத் துவட்டி, வீட்டிலிருந்து முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து முழுக்கத் தட்டினார். ஆயில் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். தெருவே கல்யாண வீடு மாதிரி மணத்தது. டப்பாவைத் தேடி வந்த அவர் சம்சாரம், இஞ்சினுக்கு மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இஞ்சினை ஓடவிட்டோம். சீல் பக்கம் மட்டுமல்ல, எல்லா இணைப்பிலும் ஒரே சமயத்தில் பவுடர் நனைந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பாய்க்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"சீல் மேல தப்பு இல்ல நைனா. இதுக்கு மூச்சு வுட வழி இல்ல. உள்ள காத்து முட்டிகினு கீது, அதான் கெடச்ச சந்துல எல்லாம் ஆயிலத் தள்ளுது."

இஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். காய்ந்த மண் உதிர்ந்தது. பந்தயம் இல்லாமல் கார் ஷெட்டில் சும்மா நின்ற மாதங்களில் ஒரு குளவி உள்ளே வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறது.

அடுத்த பந்தயத்துக்குப் பாயும் வந்தார், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் வெள்ளை ஜிப்பாவில். எனக்குப் பின்னால் புழுதி மட்டுமே வந்தது, அவ்வளவு கடைசி. நின்றதும் அதிகாரி காருக்கு அடியில் குனிந்து பார்த்து, இருட்டாக இருக்கிறதே என்று முணுமுணுத்தார். பாய் ஜிப்பாவைக் கழற்றி இஞ்சினுக்கு நேர் கீழே விரித்தார். இஞ்சின் சூடு ஆறும்வரை மூன்று பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. அடுத்த தடவையும் வரலாம் என்று அதிகாரி தலையாட்டினார்.

பாய் ஜிப்பாவை உதறி மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினார்.

"இன்னா நைனா, ஜெயிச்சிட்டோமே" என்றார்.

அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்குமானால், எத்தனை பந்தயத்தில் வேண்டுமானாலும் நான் கடைசியாக வருவேன்.